புல்லி முனையில் விழுந்த கீறல்: ஒரு பழைய பீட்டில் என்ஜினும் அதன் விமானப் பயணமும்

பங்குனி மாதம், காலை ஏழு மணி இருக்கும். விமானத்தில் வைப்பதற்காக நாங்கள் மாற்றியமைத்த பீட்டில் கார் என்ஜின் சோதனை மேடையில் அதுவரை மொத்தம் 14 மணி 40 நிமிடம் ஓடியிருந்தது. நிறுத்தியதும் மாமா வழக்கம்போல ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, புரொப்பல்லர் மாட்டியிருந்த ஹப்பின் அடியைச் சுற்றித் துடைத்தார். துணியில் செம்பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. நான் துரு என்று நினைத்தேன்.

"துரு இல்ல மாப்ளே. இரும்பு இரும்பைத் தின்ன தூளு இது. கழட்டு" என்றார்.

மாமா முப்பது வருஷம் கப்பல் என்ஜின் அறையில் இருந்தவர். தண்டும் கப்ளிங்கும் சேரும் இடத்தில் இந்தத் தூளைப் பார்த்திருக்கிறார். கழற்றினோம். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முனையை மண்ணெண்ணெயில் கழுவி, சிவப்புச் சாயம் தடவிப் பத்து நிமிடம் விட்டு, துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளித்தோம். ஹப் தண்டின் மேல் வழுக்காமல் பிடிக்கிற சாவி என்ற எஃகுத் துண்டு உட்காரும் காடியின் மூலையிலிருந்து, தண்டின் அச்சுக்கு 45 டிகிரி சாய்வில், மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்து வந்தது. அது தண்டில் விழுந்த கீறல். நீளம் 6 மில்லிமீட்டர்.

அந்த என்ஜின் அன்று வானத்தில் இருந்திருந்தால், அந்தக் கோடு எந்த நிமிடத்தில் தண்டைச் சுற்றி வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. முனை முறிந்தால் புரொப்பல்லர் தனியாகக் கழன்று போகும். அதனால்தான் நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிற இன்னொருவருக்கு எங்கள் மூன்று தவறுகளும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கார் வந்த விதம்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டின் கார் கொட்டகையில் 1960-களின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்று நின்றது. மலேயாவில் கொண்டுவிற்றவர்கள் கப்பலில் கொண்டுவந்தது. உடம்பு தகரம் முழுக்கப் போய்விட்டது. என்ஜின் மட்டும் கல்லு மாதிரி இருந்தது. வீட்டு ஆச்சியிடம் கேட்டோம். "எடுத்துக்கிட்டுப் போங்கப்பு. சும்மா கெடந்து எலி குட்டி போடுது. ஆனா ஓட வச்சா ஒரு நாள் சத்தம் கேக்க என்னையக் கூப்பிடணும்" என்றார்கள்.

விமானம் மாமாவுடையது. ஒற்றை இருக்கை, மரச்சட்டம், துணி போர்த்தியது. எவன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1960-களில் வரைந்த விபி-1 என்ற வடிவம். பீட்டில் என்ஜினை மனத்தில் வைத்தே அவர் அதை வரைந்தார். கார் என்ஜினை வானத்துக்கு ஏற்றுவது புதுச் சங்கதி இல்லை. 1929-லேயே அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல் தன் மர விமானத்தில் ஃபோர்டு மாடல் ஏ காரின் என்ஜினை வைத்துப் பறந்தார். ரைட் சகோதரர்களின் 1903 என்ஜினும் சைக்கிள் பட்டறையில் சார்லி டெய்லர் கையால் செய்ததுதான்.

பீட்டில் என்ஜினை இதற்கு விரும்புவதற்குக் காரணம் உண்டு. நான்கு சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும், அதனால் அதிர்வு குறைவு. காற்றாலேயே குளிர்வது, ஆகவே ரேடியேட்டரும் தண்ணீரும் வேண்டாம். கிராங்க் ஷாஃப்ட் அடித்து வடித்த எஃகு. என்ஜினின் வெளிக்கூடான கேஸ் மக்னீசியக் கலவை. முக்கியமாக, குறைந்த சுற்றிலேயே நல்ல முறுக்கு கிடைப்பதால் கியர் இல்லாமல் நேராகப் புரொப்பல்லரைச் சுற்றலாம்.

எங்களுக்குக் கிடைத்தது 1493 சிசி. 83 மில்லிமீட்டர் லைனரை எடுத்துவிட்டு அதே கேஸில் 85.5 மில்லிமீட்டர் லைனரும் பிஸ்டனும் போட்டோம். 69 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்குடன் 1584 சிசி ஆயிற்று. காரில் இந்த அளவு என்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்றில் 50 குதிரைத்திறன் தரும். ஆனால் அந்த 4000 நமக்கு ஆகாது. எங்கள் புரொப்பல்லரின் விட்டம் 1.37 மீட்டர். 4000 சுற்றில் அதன் நுனி நொடிக்கு 287 மீட்டர் வேகத்தில் போகும். அதற்கு மேல் விமானத்தின் சொந்த வேகமும் சேரும். நுனி ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க, கொடுக்கிற சக்தி இழுவையாக மாறாமல் சத்தமாகப் போய்விடும். 3200 சுற்றில் நுனி வேகம் 230 மீட்டர்தான், அது நல்ல இடம். அந்தச் சுற்றில் கிடைப்பது 40 குதிரைத்திறனை ஒட்டி. ஒற்றை ஆள் விமானத்துக்கு அது போதும்.

சுமைதான் வேறு விஷயம். காரைத் தேவகோட்டைச் சாலையில் ஓட்டும்போது என்ஜின் தன் பலத்தில் கால் பங்கைக்கூடப் பெரும்பாலான நேரம் கொடுப்பதில்லை. மேட்டில் ஏறும், பிறகு மூச்சு வாங்கும். விமானத்தில் ஏறும்போது முழுப் பலம், நேராகப் பறக்கும்போதும் முக்கால் பலம், இறங்குகிற வரை ஓய்வே இல்லை. அரிசி ஆலை என்ஜின் மாதிரி. புதுவயல் ஆலையில் வேலை பார்த்த ஒரு மெக்கானிக் எங்கள் கூட இருந்தார். இதை முதலில் சரியாகப் புரிந்துகொண்டது அவர்தான்.

மூன்று தவறுகளுக்கும் வேர் ஒன்றே

பின்னால் உட்கார்ந்து யோசித்தபோது எனக்குத் தெளிவாகப் பட்டது இது. காரில் ஒவ்வொரு பாகமும் பெயரில் உள்ள வேலையைத் தவிர, சொல்லாமல் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. நாங்கள் எடை குறைக்கிறோம் என்று கழற்றிப் போட்டபோது அந்தச் சொல்லாத வேலையும் சேர்ந்து போனது. அதே மாதிரி, காரின் ஒரு சங்கடத்துக்காக வைத்த ஏற்பாடு அந்தச் சங்கடம் போன பிறகும் உள்ளே உட்கார்ந்திருந்தது. என்ஜின் தன்னளவில் ஒரு குறையும் வைக்கவில்லை. நாங்கள் தொட்ட இடத்தில்தான் எல்லாம் கெட்டது.

முதல் தவறு சின்னத் தகடுகளில். காரில் ஒரு பெரிய விசிறி, தகர உறைக்குள் காற்றை அடைத்து, சிலிண்டர்களின் மேல் அழுத்தித் தள்ளும். புரொப்பல்லரே காற்றைத் தள்ளுமே என்று விசிறியையும் உறையையும் எடுத்தோம். அது சரிதான், எல்லோரும் செய்வது. அதோடு இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில் அடிப்பக்கம் வளைந்து உட்கார்ந்திருக்கும் சிறு தகடுகளையும் எடுத்துவிட்டோம். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், நூறு கிராம்கூட இராது. "இது எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. பதில் தெரியாததை எடுக்கக் கூடாது என்பது அன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

ஓட்டினோம். 2800 சுற்றில் ஆறு நிமிடம். பிளக்குக்கு அடியில் வைத்த வெப்பமானியில் 3-ஆம் சிலிண்டரின் தலைமூடியான ஹெட் 241 டிகிரி செல்சியஸ். மற்ற மூன்றும் 205-லிருந்து 210-க்குள். இந்த ஹெட்டுகள் தொடர்ந்து ஓட 200-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஏறும்போது கொஞ்ச நேரம் 230 வரை பொறுக்கும். உடனே நிறுத்தினோம்.

அந்தத் தகடுகளின் வேலை இதுதான்: மேலிருந்து வரும் காற்று சிலிண்டரின் துடுப்புகளை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு நடு இடைவெளி வழியே ஓடிவிடாமல், சிலிண்டரை அணைத்துச் சுற்றி அடிப்பக்கம் வரை போகவைப்பது. அடிப்பக்கத் துடுப்பு பாதி வெப்பத்தைச் சுமக்கிறது. தகடு இல்லாவிட்டால் அந்தப் பாதி சும்மா கிடக்கும். மறுபடி போட்டோம். மேலே அலுமினியத் தகட்டால் பெட்டி மாதிரி மூடி, விளிம்பில் சிலிகான் ரப்பர் பட்டை ஒட்டி, காற்று கசிகிற ஓட்டைகளை எல்லாம் அடைத்தோம். வெளியேறும் வாயை உள்ளே வரும் வாயைவிட அகலமாக வெட்டினோம். செட்டிநாட்டு வீட்டில் முகப்புக் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் காற்று வராது, நடுமுற்றமான வளவில் வானம் தெரிய வேண்டும். இங்கேயும் அப்படித்தான். 1, 2, 4 மூன்றும் 190-க்கு வந்தன. 3 மட்டும் 214-லேயே நின்றது.

இங்கேதான் இரண்டாவது தவறு.

3-ஆம் சிலிண்டர் சூடாவதற்குக் காரணம் எளிது. அந்தக் காலத்துப் பீட்டில்களில் ஆயில் கூலர் விசிறி உறைக்குள், 3-ஆம் சிலிண்டருக்கு நேர் மேலே நிற்கும். ஆயிலைக் குளிர்வித்துச் சூடான காற்றுதான் 3-க்குப் போகும். அதனால் எல்லாப் பழைய பீட்டிலிலும் 3-ஆம் எக்ஸாஸ்ட் வால்வுதான் முதலில் போகும். நாங்கள் கூலரை அங்கேயே விட்டிருந்தோம். கழற்றி, குழாய் போட்டு, காற்று நேராகப் படுகிற வேறு இடத்துக்கு மாற்றினோம். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம்.

தீரவில்லை, தலைகீழாகப் புரண்டது. இப்போது 3-ஆம் ஹெட் மற்றவற்றைவிட 15 டிகிரி குளிர்ச்சி. ஆனால் அதன் எக்ஸாஸ்ட் குழாய் மட்டும் இருட்டில் மங்கலாகச் சிவந்து தெரிந்தது. கார்புரேட்டரைச் சந்தேகித்தோம், காஸ்கெட்டைச் சந்தேகித்தோம், மூன்று நாள் போனது. கடைசியில் நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக, பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் அடித்துப் பார்த்தேன். 1, 2, 4 மூன்றும் 28 டிகிரி முன்னால் பொறி தருகின்றன. 3 மட்டும் 24.

பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரில், பொறியின் நேரத்தை வைக்கிற நான்கு முனைக் காம் தேய்ந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். காமை எடுத்து அளந்தால் தேய்மானம் இல்லை, ஒரு முனை வேண்டுமென்றே பின்தள்ளிச் செதுக்கப்பட்டிருக்கிறது. கூலர் மறைப்பதால் சூடாகிற 3-ஆம் சிலிண்டருக்குப் பொறியைச் சில டிகிரி தாமதித்தால் ஹெட்டில் வெப்பம் குறையும் என்று தொழிற்சாலையிலேயே அப்படி வைத்திருக்கிறார்கள். பொறி பிந்தினால் எரிவதும் பிந்தும், வெப்பம் ஹெட்டில் தங்காமல் எக்ஸாஸ்ட்டில் போகும். காருக்கு அது நல்ல மருந்து. நாங்கள் நோயை எடுத்துவிட்டு மருந்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். முழுப் பலத்தில் மணிக்கணக்காக ஓடும்போது அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வது எக்ஸாஸ்ட் வால்வு. அந்த வால்வின் இடைவெளி 0.15 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது, 0.08-க்கு இறுகியிருந்தது. வால்வு நீள ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்படி நீள்கிற வால்வின் தலை ஒரு நாள் ஒடிந்து பிஸ்டன் மேல் விழும்.

நான்கு முனையும் சமமாக உள்ள காம் தேடிப்பிடித்துப் போட்டோம். எக்ஸாஸ்ட் வால்வு நான்கையும் ஒரே துண்டாக அடித்த துருப்பிடிக்காத எஃகு வால்வாக மாற்றினோம். இதற்குப் பிறகு நான்கு ஹெட்டும் 188-லிருந்து 196-க்குள் நின்றன. கம்ப்ரஷனை 7.3-க்கு இறக்கியிருந்ததும் உதவியது.

மூன்றாவதும் முதன்மையானதும்: கிராங்க் முனை

காரில் என்ஜினின் சக்தி முழுதும், ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் மாட்டிய கிராங்க் முனை வழியாகத்தான் கிளட்ச்சுக்குப் போகும். எதிர்முனையான புல்லி முனையின் வேலை ஒரு பெல்ட்டைச் சுற்றுவது மட்டும், டைனமோவுக்கும் விசிறிக்கும். அதற்கேற்றபடி ஃபிளைவீல் பக்கத்துப் பேரிங் 55 மில்லிமீட்டர், புல்லி பக்கத்துப் பேரிங் 40 மில்லிமீட்டர். அதற்கு வெளியே கழுத்து இன்னும் மெலியும். அதில் ஒரு சின்ன அரைவட்டச் சாவி, நடுவில் ஒரு போல்ட். வளைவைத் தாங்கும் பலம் விட்டத்தை அதனாலேயே மூன்று முறை பெருக்கிய (விட்டம் × விட்டம் × விட்டம்) அளவைப் பொறுத்தது. 55-ஐயும் 40-ஐயும் வைத்துக் கணக்குப் போட்டால் ஃபிளைவீல் முனை 2.6 மடங்கு பலமானது.

தெரிந்தும் புல்லி முனையில்தான் புரொப்பல்லரை மாட்டினோம். காரணம், என்ஜினின் அந்த முனை கூர்மையாக முடிவதால் விமானத்தின் மூக்கு அழகாக அமையும், காற்றும் நன்றாகப் பிரியும். உலகத்தில் பல பீட்டில் விமானங்கள் அப்படித்தான் பறக்கின்றன. ஆனால் அவற்றில் ஹப்பைச் சூடேற்றி விரியவைத்து, தண்டின் மேல் இறக்கி, ஆறும்போது அது இறுகப் பிடித்துக்கொள்ளும்படி செய்கிறார்கள். சிலர் முன்பக்கம் பெரிய பேரிங்கே சேர்க்கிறார்கள். எங்கள் ஹப்பை லேத் பட்டறையில் கையால் தள்ளினால் நுழைகிற அளவுக்குக் கடைந்தோம். கழற்றி மாட்ட வசதி என்று நான்தான் அப்படிக் கேட்டேன். மைக்ரோமீட்டரில் இடைவெளி 0.03 மில்லிமீட்டர். மேஸ்திரி அப்பவே கேட்டார்: "அண்ணே, இவ்வளவு லூஸா வேணுமா?" வேண்டும் என்றேன். இது என் தவறு.

நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு அடி விழும். சராசரி 2600 சுற்று என்று வைத்தால் 14 மணி 40 நிமிடத்தில் கிட்டத்தட்ட 45 லட்சம் அடி. ஒவ்வொரு அடிக்கும் தண்டு முன்னால் ஓடப் பார்க்கும், 4 கிலோ புரொப்பல்லர் பின்னால் இழுக்கும். ஹப் இறுகப் பிடித்திருந்தால் அந்த இழுபறியை உராய்வு முழுப் பரப்பிலும் பகிர்ந்துகொள்ளும். லூஸாக இருந்ததால் எல்லாம் அந்தச் சாவியின் மேல் விழுந்தது. சாவி காடியின் கூரான மூலையை 45 லட்சம் தடவை குத்தியது. திரும்பத் திரும்ப முறுக்கப்பட்டுச் சோரும்போது எஃகு 45 டிகிரியில்தான் கிழியும். கீறலின் சாய்வே காரணத்தைச் சொல்லிவிட்டது.

இதற்கு உதவியாக இன்னொன்றும் நடந்தது, எனக்கு இதுதான் பெரிய பாடம். புரொப்பல்லரை ஆசாரி கார்த்திகையில் செதுக்கினார். அடைமழைக் காலம், மரம் ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கும். ஆறு போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரியாக இறுக்கினோம். பங்குனிக்குள் காரைக்குடி வெயிலில் மரம் காய்ந்து சுருங்கிவிட்டது. சுருங்கினால் போல்ட் தானாகத் தளரும், யாரும் தொட வேண்டியதில்லை. கழற்றும்போது பார்த்தால் இரண்டு போல்ட்டில் பாதி இறுக்கம்கூட இல்லை. புரொப்பல்லர் நுனிகள் இரண்டும் ஒரே தடத்தில் ஓட வேண்டும், ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. எங்களுடையது 4 மில்லிமீட்டர் விலகி ஓடியிருக்கிறது. மர நிலைக்கதவு மழைக்கு இறுகுவதையும் கோடைக்கு ஆடுவதையும் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். விமானத்து மரமும் மரம்தான் என்பது உறைக்கவில்லை.

அந்தக் கிராங்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டோம். வெல்டிங் வைக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. சோர்வில் கிழிந்த தண்டுக்கு வெல்டிங் வைத்து வானத்தில் ஓட்டக் கூடாது, அதில் பேச்சே கிடையாது.

என்ஜினைத் திருப்பினோம்

வேறு கிராங்க் வாங்கி, இந்தமுறை ஃபிளைவீல் முனையை முன்னால் வைத்தோம். அங்கே சாவி கிடையாது. தட்டையான முகத்தில், இணைப்பு நகராமல் பிடிக்கும் எஃகு முளைகளான 8 மில்லிமீட்டர் டவல் பின்கள் நான்கு. அவற்றை எட்டாக்கினோம். மேஸ்திரி துளையிட்ட அழகை நேரில் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றும் தட்டி இறக்கினால்தான் இறங்கும். தள்ளுவிசையைத் தாங்குகிற பேரிங்கும் இந்த முனையிலேயே இருப்பதால் புரொப்பல்லரின் இழுப்பை நேராக அதுவே வாங்கிக்கொள்ளும். முன்பின் ஆட்டம் 0.07-லிருந்து 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், 0.10-இல் வைத்தோம். மூக்கு கொஞ்சம் மழுங்கலாகத்தான் ஆனது. போகட்டும்.

இதில் ஒன்றை நாங்கள் மறந்தே போனோம். பீட்டில் என்ஜின் புல்லி பக்கமிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று. முதலில் புல்லி முன்னால் இருந்ததால், இருக்கையிலிருந்து பார்க்கும் விமானிக்கு அது எதிர்ச்சுற்று. ஆசாரி அதற்கேற்ப இடக்கைப் புரொப்பல்லர் செதுக்கியிருந்தார். என்ஜினைத் திருப்பியதும் சுற்றும் திசையும் திரும்பியது. மாட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது, இலையின் வளைந்த முதுகு தப்பான பக்கம் நிற்கிறது. நான் போய் ஆசாரியிடம் சொல்லக் கூச்சப்பட்டு நின்றேன். அவர் இரண்டு நிமிடம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெலைக்கு வலது கதவு இடது கதவு இல்லையா தம்பி, அது மாதிரிதானே. மறுபடி செஞ்சா முன்னதைவிட நல்லா வரும்" என்றார். நன்றாகவே வந்தது. இந்தமுறை பலகைகளை இரண்டு மாதம் நிழலில் உலர்த்தி, ஒட்டி, செதுக்கி, வார்னிஷை நுனி வரை மூன்று பூச்சு கொடுத்தார். பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவையும், பருவம் மாறும்போதும் போல்ட்டைச் சோதிப்பது என்று ஒரு நோட்டில் எழுதி மேடையிலேயே கட்டிவிட்டோம். நுனித்தடம் இப்போது 1 மில்லிமீட்டருக்குள்.

மக்னீசியக் கேஸில் ஒரு கவலை இருந்தது, தலையில்லாத போல்ட்டான எஃகு ஸ்டட் தொடுகிற இடங்களில் வெள்ளைப் பொடி பூத்து அரித்திருந்தது. இரண்டு உலோகம் ஈரத்தோடு சேர்ந்தால் சின்ன பேட்டரியாகி மட்டமானதைத் தின்னும். காரைக்குடியில் இதைச் சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அரிமானம் அவர்களுடைய முக்கியமான துறைகளில் ஒன்று. அதற்கு 300 ஏக்கர் நிலம் கொடுத்த வள்ளல் அழகப்பர் லண்டன் குராய்டனில் விமானம் ஓட்டப் படித்தவர், ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனியே நடத்தியவர். மாமா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் மாறும். மாமாவும் அழகப்பரின் ஊரான கோட்டையூர்க்காரர் அல்லவா. ஸ்டட் ஓட்டைகளில் எஃகுச் சுருள் உறை போட்டு, தொடும் இடத்தில் பசை தடவி முடித்தோம்.

ஆயிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டரை லிட்டர்தான் கொள்ளும், காரில் வெறும் சல்லடை இருந்ததற்குப் பதில் முழு ஓட்ட ஃபில்ட்டர் சேர்த்தோம், வெப்பம் 95-ஐத் தாண்டவில்லை.

பெட்ரோல் அப்படியில்லை. இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய் இரண்டே வாரத்தில் ஊதி மெதுவாகிவிட்டது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஒரு அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டாங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். என்ஜின் முதலில் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். அளவுக் குவளையில் 10 மில்லி தண்ணீர் விட்டு, கோடு போட்டு, 100 மில்லி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். தண்ணீர்க் கோடு எவ்வளவு மேலே ஏறுகிறதோ அவ்வளவுக்கு எத்தனால் இருக்கிறது. நாங்கள் குழாய், ஃப்ளோட், வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குவதாக மாற்றினோம். ஓட்டம் முடிந்ததும் டாங்கை வடித்துவிடுகிறோம்.

மேடையில் இரண்டாம் சுற்று

மார்கழியில் ஒரு விடிகாலை, 22 டிகிரி, பனி இறங்கிக்கொண்டிருந்தது. 1800 சுற்றில் பத்து நிமிடம் விட்டிருந்தோம். சுற்று மெல்ல 150 குறைந்தது. கார்புரேட்டர் தொண்டையில் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பம் இருபது டிகிரிக்கு மேல்கூட இறங்கும், காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே பனிக்கட்டி கட்டும். செட்டிநாட்டில் பனிக்கட்டியா என்று கேட்பார்கள். கட்டும், கட்டியது. எக்ஸாஸ்ட்டைச் சுற்றி வைத்த உறையிலிருந்து சூடான காற்றைத் திருப்பிவிட்டோம். முதலில் சுற்று இன்னும் குறைந்து, தடுமாறி, பிறகு பழைய இடத்துக்கு மேலேறியது. அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்துப் பயந்து கைப்பிடியை மூடிவிடக் கூடாது. கட்டி உருகித் தண்ணீராக உள்ளே போகிற நேரம் அது.

அதே காலையில் மேடையைப் பின்னால் ஒரு தராசுக் கொக்கியில் கட்டி இழுவை அளந்தோம். 3050 சுற்றில் 118 கிலோ. சித்திரையில் ஒரு மத்தியானம், 40 டிகிரியில், மறுபடி அளந்தோம். சுற்றுமானி அதே 3050 காட்டியது, தராசு 111 காட்டியது. வெயிலில் காற்று மெலிந்தால் என்ஜினின் பலமும் குறைகிறது, புரொப்பல்லருக்கு எதிர்ப்பும் குறைகிறது. இரண்டும் சேர்ந்தே குறைவதால் சுற்று மாறாமல் நிற்கும். சுற்றுமானியை மட்டும் நம்பி ஓடுபாதையில் இறங்குகிறவர் ஏழு கிலோ இழுவை காணாமல் போனதை மரத்தின் உச்சி நெருங்கும்போதுதான் தெரிந்துகொள்வார். மாமா இந்த இரண்டு எண்ணையும் விமானத்தின் பலகையில் சிவப்பு மையால் எழுதச் சொல்லியிருக்கிறார்.

ஆச்சியை வரவழைத்தது அந்த மார்கழிக் காலையில்தான். தூரத்தில் நாற்காலி போட்டு, காதில் பஞ்சு வைத்து உட்கார்ந்தார்கள். முழுப் பலத்தில் இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தினோம். "அப்பச்சி ஓட்டுறப்ப இவ்வளவு சத்தம் போடாது. ஆனா இது அதேதான், அந்த டபடபன்னு அடங்குதுல்ல, அதேதான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இப்போது எங்கே நிற்கிறோம்

புதுக் கிராங்க் இன்றுவரை 31 மணி நேரம் ஓடியிருக்கிறது. 10, 20, 30 மணி நேரத்தில் மூன்று தடவை ஹப்பைக் கழற்றிச் சாயம் போட்டுப் பார்த்தோம். வெள்ளைப் பொடி வெள்ளையாகவே இருந்தது. வால்வு இடைவெளி நான்கிலும் 0.14, 0.15. எடை ஹப்போடு 76 கிலோ.

செட்டிநாடு கால்நடைப் பண்ணையில் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் கிடக்கிறதே, அங்கே கொண்டுபோய் ஒரு தடவை தூக்கிப் பார்க்கலாமே என்று கேட்காதவர் இல்லை. முடியாது. இந்தியாவில் வீட்டில் கட்டிய விமானமானாலும் விமானப் போக்குவரத்து இயக்ககத்தில் பதிந்து, பறக்க அனுமதி பெற்ற பிறகே நிலத்தைவிட்டு எழ வேண்டும். மும்பையில் மொட்டைமாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவுக்குப் பதிவு 2017-இல் கிடைத்தது, பறக்கும் அனுமதி 2019-இல் வந்தது. அதற்குமுன் அவர் உழைத்தது பல வருஷம். நாங்கள் காத்திருக்கத் தயார்.

அதற்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி. எங்களிடம் இன்னும் ஒரே பொறி அமைப்புதான் இருக்கிறது. ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், சிலிண்டருக்கு ஒரு பிளக். காரில் அது நின்றால் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கலாம். இந்த மாதிரிப் பிஸ்டன் விமான என்ஜின்களில் வழக்கமாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவற்றுக்குத் தனித்தனி மேக்னட்டோ, அதாவது பேட்டரி இல்லாமலே பொறி தரும் கருவி. இப்போது காலியாக இருக்கும் புல்லி முனையில் ஒரு மேக்னட்டோவை மாட்டி, ஹெட்டுகளில் இரண்டாவது பிளக்குக்குத் துளையிட வேண்டும். துடுப்புகளுக்கு நடுவே, வால்வு இருக்கைக்குப் பக்கத்தில், மிச்சமிருக்கும் உலோகம் மிகக் குறைவு. பழைய உடைந்த ஹெட் ஒன்றை வாங்கி மேஸ்திரி முதலில் அதில் துளையிட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார். இதுவரை இரண்டு துளை போட்டு, அறுத்துப் பார்த்தோம். ஒன்று சரியாக விழுந்தது, ஒன்று இருக்கையைத் தொட்டுவிட்டது. இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்று இந்தமுறை அவர்தான் முடிவு செய்கிறார்.